ரத்தக்கழிச்சல்: தீவன மருந்தா, உயிர்த் தடுப்பூசியா?

ரத்தக்கழிச்சல் என்பது ஐமீரியா என்ற ஒட்டுண்ணி கோழியின் குடலில் உண்டாக்கும் நோய். 35 நாளில் கறிக்குப் போகும் கோழிக்குத் தீவனத்தில் மருந்து கலப்பதே எளிது. அங்கே தடுப்பூசியால் கூடுதல் பயன் குறைவுதான். தரையில் ஓராண்டுக்கு மேல் வாழும் முட்டைக்கோழி என்றால் என் ஓட்டு உயிர்த் தடுப்பூசிக்கே.

சாலினோமைசின், மோனென்சின் போன்ற தீவன மருந்துகள் ஒட்டுண்ணியை முழுதாக ஒழிப்பதில்லை. தப்பியவற்றால் கோழிக்குக் கொஞ்சம் எதிர்ப்பாற்றல் வரும். இவற்றோடு டியாமுலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்தால் நஞ்சாகிவிடும். டிக்லாசுரில் என்ற இன்னொரு தீவன மருந்து இறுக்கமாகத் தடுக்கும், ஆனால் ஒன்றையே தொடர்ந்தால் ஒட்டுண்ணி பழகிக்கொள்ளும்.

தடுப்பூசி என்பது பெயர்தான், ஊசியே கிடையாது. உயிருள்ள ஊசிஸ்டுகளை, அதாவது ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடுகளை, பொரித்த முதல் நாள் குஞ்சுகள்மேல் தெளிப்பார்கள். இறகைக் கோதும்போது உள்ளே போய்விடும். 4 முதல் 6 நாளில் புதிய ஊசிஸ்டுகள் எச்சத்தில் வெளிவந்து, கூளத்தில் ஓரிரு நாளில் முதிரும். குஞ்சு அதைக் கொத்தித் தின்று மறுபடி தொற்றிக்கொள்ளும். ஐமீரியாவில் பல இனங்கள் உண்டு. ஐமீரியா மேக்சிமாவுக்கு ஒரு தொற்றே பெரும்பாலும் போதும். டெனெல்லாவுக்கு இரண்டு மூன்று சுற்று வேண்டும். ஓர் இனத்துக்கு எதிரான காப்பு இன்னொன்றுக்கு உதவாது.

ஆகவே எல்லாம் கூளத்தின் ஈரத்தில்தான் நிற்கிறது. தூசு பறக்கும் கூளத்தில் ஊசிஸ்ட் முதிராது. சுற்று அறுந்து, பாதிக் காப்போடு வளர்ந்த கோழி பிறகு நோயில் விழும். சொதசொதத்தால் அளவுக்கு மீறிப் பெருகி நோயே வந்துவிடும், பின்னாலேயே கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவால் குடல் அழற்சியும் வரலாம். ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள்: லேசாகச் சேர்ந்து, கையை விரித்ததும் உதிர வேண்டும். முதல் மூன்று வாரம் கூளத்தை மாற்றாதீர்கள். இடத்தை விரிக்கும்போது பழைய கூளத்தையும் அங்கே பரப்புங்கள். அந்த நாட்களில் தண்ணீரில் ஆம்ப்ரோலியம் என்ற ரத்தக்கழிச்சல் மருந்தைக் கலந்தால் தடுப்பூசியையே அழித்துவிடுவீர்கள். கம்பித் தரையானால் எச்சம் தங்கும்படி காகிதம் விரிப்பது கட்டாயம்.

காப்பு வந்ததா என்று ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கலாமா? தொற்று திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் ஐஜிஒய் என்ற எதிர்ப்பொருள் ஏறும், குடலிலும் பித்தநீரிலும் ஐஜிஏ என்ற இன்னொரு வகை சுரக்கும். ஆனால் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் வளரும் உறுப்பான பர்சாவை அகற்றி, எதிர்ப்பொருளே உருவாக விடாத கோழிகளும் மறுதொற்றைத் தாங்கின. முக்கியக் காவல் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது. எனவே அளவு உயர்ந்திருந்தால் ஒட்டுண்ணியைச் சந்தித்தது என்று மட்டும் பொருள். வாரம் ஒருமுறை, ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை ஊசிஸ்ட் என்று எண்ணுவதே மேல்: மூன்றாம் வாரவாக்கில் ஏறி, பிறகு இறங்கினால் சுற்று சரியாக ஓடியிருக்கிறது. எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை என்பதும் தவறு. தாய்க்கோழியின் ஐஜிஒய் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு இறங்கி, தொடக்க வாரங்களில் ஓரளவு காக்கும்.