டிடிஆர் மீட்டர்: நான்கு வருடம் கழித்து

போன வாரம் என் டிடிஆர் மீட்டரின் (மின்மாற்றிச் சுருள்களின் சுற்று விகிதத்தை, அதாவது ரேஷியோவை, அளக்கும் கருவி) கீபேடை மாற்ற வேண்டி வந்தது. அதைக் கேள்விப்பட்ட நண்பர், "இப்போது விலை குறைந்திருக்கிறதாமே, வாங்கலாமா?" என்றார். அவருக்காக எழுதுகிறேன்.

ரேஷியோ அளப்பதில் குறையே இல்லை. 11,000/400 வோல்ட் டெல்டா-ஸ்டார் மின்மாற்றி (ஒரு பக்கச் சுருள்கள் முக்கோணமாகவும், மறுபக்கத்தவை ஒரு நடுமுனையில் சேர்ந்தும் இருப்பது) என்றால் லைன் விகிதம், அதாவது வெளி முனைகளுக்கிடையே, 27.5; வைண்டிங் விகிதம், அதாவது சுருளுக்குச் சுருள், 47.63. இரண்டையும் குழப்பாமல் தனித்தனியாகக் காட்டும்.

என் எரிச்சலெல்லாம் வெக்டர் குரூப் (இரண்டு பக்க வோல்டேஜுக்கும் இடையேயான கோணத்தைக் கடிகார மணியாகச் சொல்லும் குறியீடு) திரையோடுதான். நகம் அளவுக்கு ஒரு முக்கோணம், ஒரு ஸ்டார். முனைகளுக்குப் பெயர் கிடையாது. ஒருமுறை 'டிஒய்என்11' (டி டெல்டா, ஒய் ஸ்டார், என் ஸ்டாரின் நடுமுனையான நியூட்ரல், 11 மணி) என்று பெயர்ப்பலகையில் இருந்த மின்மாற்றிக்கு 'டிஒய்என்1' என்று காட்டியது. மூன்று ஃபேஸிலும் ரேஷியோ கச்சிதம். அரை நாள் போனது. ஒரு மணிக்கு 30 டிகிரி என்பதால் இரண்டுக்கும் 60 டிகிரி வித்தியாசம். ஒன்றை மற்றொன்றோடு பேரலலில் போட்டால் முனைகளுக்கிடையே ஒரு முழு ஃபேஸ் வோல்டேஜே நிற்கும். அலட்சியமாக விட முடியுமா?

கடைசியில் தாளை எடுத்தேன். டெல்டாவை வரைந்து ஏ முனையை 12 மணியில் வைத்தேன். 11-ஆவது குரூப்பில் லோ வோல்டேஜின் ஏ வைண்டிங்கும், டெல்டாவின் ஏ-பி பக்கமும் ஒரே லிம்பில் (இரும்பு உள்ளகத்தின் ஒரு தூணில்) இருக்கும்; அதனால் இரண்டு கோடும் இணை. புதிதாக வரைபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். இணைக்கோடுகளைப் பார்த்துவிட்டு 'கோண வித்தியாசமே இல்லை' என்பார்கள். டெல்டாவுக்கு நடுவில் ஒரு நியூட்ரலைக் கற்பனையாகக் குத்தி, அங்கிருந்து ஏ-வுக்குக் கோடு இழுத்து ஒப்பிட வேண்டும். அப்போதுதான் ஸ்டாரின் ஏ 11 மணியில் நிற்பது தெரியும். (நானும் இரண்டு வருடம் சறுக்கியவன்தான்.)

மீட்டர் சொன்னதையும் பக்கத்தில் வரைந்தேன். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்! ஃபேஸ் வரிசை புரண்டிருக்கிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏ, சி கிளாம்ப்களை நானே மாற்றி மாட்டியிருக்கிறேன்.

சரி, தப்பு என்னுடையதுதான். ஆனாலும் திரையில் முனைக்கு ஒரு எழுத்து போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இப்போதெல்லாம் இரண்டு பக்கத்து ஏ முனைகளையும் இணைத்து, ஹை வோல்டேஜ் பக்கம் குறைந்த மூன்று ஃபேஸ் சப்ளை கொடுத்து, வோல்ட்மீட்டராலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். 11 என்றால் ஸ்டாரின் நியூட்ரல் சரியாக டெல்டாவின் ஏ-பி கோட்டின் மேலேயே விழும்: ஏ-நியூட்ரல், நியூட்ரல்-பி இரண்டையும் கூட்டினால் ஏ-பி. தாளில் வரைந்தது அப்படியே மீட்டர் முள்ளில் வந்து நிற்பதில் இன்றும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். என்னுடையதை இரவலும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.