டிராக் டேக்கும் கோ-கார்ட்டுக்கும் எந்த ஹெல்மெட்? கையைக் கடிக்காத விலையில் ஓர் ஒப்பீடு

செப்பாங் பந்தய டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'க்குப் போக ஆசைப்படுகிறவர்கள் டயருக்கும் பிரேக் பேடுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பார்கள். அப்புறம் கையில் மிச்சம் இருப்பதை வைத்து ஹெல்மெட் தேடுவார்கள். அப்போது வருகிற முதல் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது அண்ணே?" பிராண்டு பிறகு. எதில் உட்காரப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கோ-கார்ட்டா, மோட்டார் சைக்கிளா, காரா? கார் என்றால் வழக்கமான சீட் பெல்ட்டா, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு (ரோல் கேஜ்) வைத்து, இரு தோளையும் இறுக்கும் பந்தய பெல்ட் (ஹார்னஸ்) கட்டியதா? இதற்குப் பதில் தெரிந்தால் 400 மலேசிய வெள்ளியில் காரியம் முடியலாம். தெரியாவிட்டால் 1,500 வெள்ளி கொடுத்தும் பொருந்தாத ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ட்டுக்கும் மோட்டாருக்கும் இசிஇ 22.06 என்ற ஐரோப்பியத் தரத்தில் தேறிய, தாடை வரை முழு முகத்தையும் மூடும் நடுத்தர விலை ஃபுல்-ஃபேஸ் போதும். ரோல் கேஜ் உள்ள காருக்கு ஸ்நெல் எஸ்ஏ (அமெரிக்க ஸ்நெல் அமைப்பின் கார்ப் பந்தயத் தரம்) தவிர வேறு எதுவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற, தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் காரில்தான் உண்மையான வாதம் இருக்கிறது.

சிரிம் மட்டும் போதுமா?

ஜாலான் ஈப்போ, செந்தூல் பக்கத்து மோட்டார் கடைகளில் 150, 200 வெள்ளிக்கு ஃபுல்-ஃபேஸ் தொங்கும். பின்னால் ஒரு ஸ்பாய்லர், பக்கவாட்டில் மோட்டோஜிபி வீரரின் எண், உள்ளே இறக்கிக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி. சிரிம் என்ற மலேசியத் தர நிறுவனத்தின் ஒட்டுமுத்திரையும் இருக்கும். அந்த முத்திரையைக் குறைத்துப் பேச மாட்டேன். மலேசியச் சாலையில் அது இல்லாத ஹெல்மெட் செல்லாது. செந்தூலிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போய்வர இது தாராளம்.

வாடகைக் கார்ட் ஓட்டவும் இது போதும் என்பேன். அந்தக் கார்ட்டுகளில் பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் வகைச் சின்ன எஞ்சின்தான் இருக்கும். வளைவுகள் நெருக்கமானவை, வேகமும் அதற்குத் தகுந்த மாதிரிதான். செப்பாங் பெரிய டிராக் கதையே வேறு. 5.543 கிலோமீட்டர் சுற்று, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நேர்பாதைகள். அங்கே 250 சிசி மோட்டாரில் போனாலும் சாலையில் பார்க்காத வேகத்தில் விழ நேரலாம். அந்த இடத்துக்கு விலை மலிவான ஓடும், கன்னத்தைப் பிடிக்காத மெத்தையும் சரிப்படாது. உள்ளே இறங்கும் கறுப்புக் கண்ணாடியை டிராக்குக்கு நான் விரும்புவதில்லை. அதற்கு இடம் விட, நெற்றிப் பக்கம் அடியைத் தாங்கும் நுரையை ஒதுக்க வேண்டியிருக்கும். முகப்பைத் தூக்கும் மாடுலர் வகையைப் பல ஏற்பாட்டாளர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நடுவில் இருக்கும் இசிஇ 22.06

300 முதல் 700 வெள்ளிக்குள் வருகிற எல்எஸ்2, கேஒய்டி, எச்ஜேசி வகையறாக்கள்தான் இந்த ஒப்பீட்டில் என் கையை அதிகம் பிடித்து இழுப்பவை. எச்ஜேசி சி10, எல்எஸ்2 ராப்பிட் 2 போன்றவை பிளாஸ்டிக் வகை ஓடுதான். கார்பன், ஃபைபர் எதுவும் கிடையாது. இருந்தாலும் 22.06 என்பது பழைய 22.05-ஐவிட நிஜமாகவே கடினமான தேர்வு. பழைய தரம் ஒரே வேகத்தில் மோதிப் பார்த்தது. புதியது 7.5 மீட்டர்/வினாடியோடு, குறைந்த வேகம் 6, கூடிய வேகம் 8.2 என்றும் மோதிப் பார்க்கிறது. அதோடு 45 பாகை சாய்ந்த பரப்பில் தேய்த்து விழ வைத்து, தலை எவ்வளவு சுழல்கிறது என்றும் அளக்கிறது. மோட்டாரிலிருந்து விழுகிறவர் நேராகச் சுவரில் மோதுவது குறைவு, தரையில் சாய்வாகப் படுவதுதான் அதிகம். மூளைக்குள் சேதம் செய்கிறதில் அந்தச் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இந்தச் சோதனை பேருக்கு வைத்ததில்லை.

கடையில் இதை எப்படிப் பார்ப்பது? பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயர் அமெரிக்காவுக்கு ஒரு சான்றிதழோடும் ஐரோப்பாவுக்கு வேறொன்றோடும் போகும். இங்கே வருவது எது என்பது பெயரில் தெரியாது. தாடைப் பட்டையைத் திருப்புங்கள், அதில் ஒரு சின்னத் துணி வில்லை தைத்திருக்கும். வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும். அதன் கீழே நீளமான எண், அது 06 என்று தொடங்கினால் 22.06. 05 என்றால் பழைய சரக்கு. தள்ளுபடியில் தொங்குவதில் பல 05-தான். எண்ணை ஒட்டி 'பி' என்ற எழுத்து இருந்தால் தாடைப் பகுதியும் பாதுகாப்புக்காகத் தேறியது என்று பொருள். 'ஜே' என்றால் திறந்த முகம். 'என்பி' என்றால் தாடை இருக்கும், பாதுகாப்பு இருக்காது. இந்தக் கடைசி வகையைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்.

கார்ட்டுக்கு மோட்டார் ஹெல்மெட் எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான கார்ட்டுகளில் சீட் பெல்ட்டும் இல்லை, கூண்டும் இல்லை. கவிழ்ந்தால் நீங்கள் வெளியே விழுந்து தரையில் உருளுவீர்கள். அந்த விபத்து கார் விபத்தைவிட மோட்டார் விபத்துக்குத்தான் நெருக்கம்.

ஒரு வசதியும் இருக்கிறது. நம் ஊர்க் கடையில் வாங்கிய இசிஇ ஹெல்மெட்டில் சிரிம் முத்திரையும் இருக்கும் என்பதால் வார நாளில் சாலைக்கும், ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கும் ஒன்றே போதும். காசு குறைவாக இருப்பவர்களுக்கு இது பெரிய மிச்சம். ஆனால் தினமும் மோட்டார் கண்ணாடியில் மாட்டி வெயிலில் காயவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கொக்கி மாதிரி அந்தக் கண்ணாடி உள் நுரையைக் குத்திக் குழியாக்கிவிடும். பெட்ரோல், தின்னர் பட்டால் பிளாஸ்டிக் ஓடு வலுவிழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

ஸ்நெல் எம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல தரம், மோட்டாருக்கானது. எம்2020-இல் அமெரிக்கப் போக்குக்கு ஒன்று, ஐரோப்பியப் போக்குக்கு ஒன்று என இரண்டு கிளை உண்டு. நம் கடைகளில் ஸ்நெல் எம் என்று கேட்டால் கை பெரும்பாலும் ஆராய் என்ற ஜப்பானிய பிராண்டு பக்கம் போகும், விலையும் அதற்கேற்ப ஏறும். "கையைக் கடிக்காத விலை" என்ற தலைப்பில் அதற்கு இடமில்லை. இணையத்தில் 280 வெள்ளிக்கு வருகிற ஆராய்க்கும் இடமில்லை. அது ஆராய் கிடையாது.

எஸ்ஏவும் கேயும்

ஸ்நெல் அமைப்பு 1957-இல் தொடங்கியது, பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்நெல் என்ற அமெரிக்கரின் பெயரில். அதன் எஸ்ஏ தரம் காருக்கானது. மோட்டார் தரத்திலிருந்து மூன்று இடத்தில் பிரிகிறது. உள்துணி தீச்சோதனையில் தேற வேண்டும். ரோல் கேஜ் குழாய் வடிவ இரும்பில் தலை மறுபடி மறுபடி மோதுவதைத் தாங்க வேண்டும். பார்வைத் திறப்பு குறுகலாக இருக்கலாம். எஸ்ஏ2015 முதல், மோதும்போது தலை முன்னால் பாயாமல் பிடிக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் கருவியை மாட்ட எம்6 (6 மில்லிமீட்டர்) திருகு அடித்தளமும் ஓட்டிலேயே இருக்க வேண்டும்.

கே என்பது கார்ட்டுக்கு. தீச்சோதனை இல்லை என்பதைத் தவிர எஸ்ஏவோடு மிக நெருக்கம். ஆராய் எஸ்கே-6 இதற்குத் தெரிந்த பெயர். சொந்தக் கார்ட் வைத்துப் போட்டி ஓடுகிறவருக்கு நியாயமான செலவு. மாதத்துக்கு ஒரு தடவை நண்பர்களோடு வாடகைக் கார்ட் ஓட்டுகிறவருக்கு ஆடம்பரம்.

சரி, எஸ்ஏவை யார் வாங்க வேண்டும்? கூண்டு உள்ள காரில் ஹெல்மெட் முதலில் மோதுவது அந்த இரும்புக் குழாயிலேதான் இருக்கும். மோட்டார் ஹெல்மெட் அந்த அடிக்குச் சோதிக்கப்படவில்லை. அதன் உள்துணி நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டவும் செய்யும். ஹார்னஸ் போட்டால் உடம்பு நகராது, தலை மட்டும் முன்னால் பாயும். அதைப் பிடிக்க ஹான்ஸ் வேண்டும், ஹான்ஸ் மாட்ட எம்6 துளை வேண்டும். இசிஇ ஹெல்மெட்டில் தாமே துளை போட்டு ஹான்ஸ் கொக்கி மாட்டுகிறவர்களும் உண்டு. ஓட்டின் வலுவும் போச்சு, சான்றிதழும் போச்சு.

மாறாக, பெர்சோனா, மைவி என்று வழக்கமான காரில், மூன்று முனை சீட் பெல்ட்டோடு வருகிறவருக்கு ஹான்ஸால் பயனே இல்லை. அதைத் தோளில் அழுத்திப் பிடிக்க ஹார்னஸ் பட்டைகள் இல்லை. கூண்டும் இல்லை. எனவே வருடத்துக்கு ஓரிரு தடவை வந்துபோகிறவர் இசிஇ 22.06 போட்டு ஓட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அடிக்கடி வருகிறவராக இருந்து, "அடுத்த வருஷம் பக்கெட் சீட், ஹார்னஸ்" என்று திட்டமும் இருந்தால் இப்போதே எஸ்ஏ வாங்குவது சிக்கனம், இரண்டு தடவை செலவழிக்க வேண்டாம். புதிய எஸ்ஏ 1,000 வெள்ளிக்குக் கீழே கிடைப்பது அரிது. புதிய ஆண்டுத் தரம் வரும்போது கடைக்காரர்கள் முந்தியதை விலை குறைத்துத் தள்ளப் பார்ப்பார்கள், அந்தச் சமயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்பாட்டாளர் எந்த ஆண்டுத் தரம் வரை ஏற்கிறார் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எஸ்ஏவின் குறையையும் சொல்ல வேண்டும். காற்றுத் துளை குறைவு, உள்ளே தடித்த தீத்தாங்கித் துணி. மதியம் செப்பாங் வெயிலில் காரில் ஏசியை அணைத்துவிட்டு ஓட்டினால் வியர்வை கண்ணில் இறங்கும். உள்ளே ஒரு மெல்லிய பாலக்லாவா (தலையையும் முகத்தையும் மூடும் துணியுறை) போட்டால் கொஞ்சம் தேவலை. சிரிம் முத்திரையும் இருக்காது, பார்வையும் குறுகல். அதனால் மோட்டாருக்கு இது ஆகாது.

தோற்றத்தில் ஏமாறுகிற இடமும் இங்கேதான். ஸ்பார்கோ கிளப் எக்ஸ்-1 என்று ஒன்று வரும். பெயரும் வடிவமும் பந்தயக் கார் மாதிரி, விலையும் ஆசை காட்டும். ஆனால் அது இசிஇ ஹெல்மெட். எஸ்ஏ கிடையாது. நிறுவனம் அதை ஒளிக்கவில்லை, வாங்குகிறவர்தான் படிப்பதில்லை. உள்மெத்தையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். ஸ்நெல் ஒட்டுமுத்திரை உள்ளேதான் இருக்கும், வரிசை எண்ணோடு.

தலைக்குப் பொருந்துவது

எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் இதில் கோட்டை விட்டால் அத்தனையும் வீண். 700 வெள்ளித் தளர்ந்த ஹெல்மெட்டைவிட 350 வெள்ளி இறுக்கமான ஹெல்மெட் மேல். கிழக்காசியச் சந்தைக்குச் செய்கிற பல மாடல்கள் உருண்டைத் தலைக்கு வெட்டியவை. நம்மவர்களில் நிறையப் பேருக்கு முன்னிருந்து பின்னாகத் தலை நீளம். அளவு சரியாக இருந்தும் நெற்றி நடுவில் மட்டும் ஒரு புள்ளி குடையும். பெரிய அளவுக்குத் தாவினால் குடைச்சல் போகும், ஆனால் கன்னம் தளர்ந்துவிடும். அப்போது மாற்ற வேண்டியது பிராண்டை, அளவை இல்லை.

கடையிலேயே இருபது நிமிஷம் போட்டு நில்லுங்கள். கடைக்கார தௌக்கே முறைத்தால் முறைக்கட்டும். தாடைப் பகுதியைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். பட்டையைக் கட்டியபின் நண்பரை விட்டுப் பின்விளிம்பிலிருந்து முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கு இல்லை.

பட்டையில் 'டிக்' என்று பூட்டும் கொக்கி வசதிதான். டிராக்குக்கு இரட்டை வளையமே என் தேர்வு. இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து, திரும்பி ஒன்றுக்குள் மட்டும் விட்டு இழுத்தால் ஒவ்வொரு தடவையும் அன்றைய கழுத்துக்கு ஏற்ப இறுகும். கொக்கியை ஒரு தடவை தளர்வாக வைத்துவிட்டால் அது அப்படியே தொடரும். 2011 அக்டோபர் 23 அன்று இதே செப்பாங்கில் மோட்டோஜிபி வீரர் மார்கோ சிமோன்செல்லி உயிரிழந்த விபத்தில் அவரது ஹெல்மெட் கழன்று உருண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த அடியின் வேகத்துக்கு எந்தப் பட்டையும் பதில் சொல்லியிருக்குமா என்பது வேறு. ஹெல்மெட் தலையை விட்டுப் போகக்கூடியது என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாடகை, பழையது, பிள்ளைகளுக்கு

கார்ட் இடங்களில் கொடுக்கும் ஹெல்மெட்டை ஒரு நாள் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. நூறு தலை பார்த்த மெத்தை தளர்ந்திருக்கும் என்பதால் வழக்கமாகப் போடுகிற அளவுக்கு ஓர் அளவு சிறியதைக் கேளுங்கள். மூன்றாம் தடவை போகும்போது சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

பழைய எஸ்ஏவை 400 வெள்ளிக்கு யாராவது விற்றால் விட்டுவிடுங்கள். நுரை ஒரு தடவை நசுங்கினால் திரும்பாது, வெளி ஓடு பளபளவென்று இருக்கும். ஐந்து ஆண்டில் மாற்றச் சொல்கிறது ஸ்நெல். பழைய எஸ்ஏ2015 என்றால் அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது.

பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பள்ளிச் சீருடை மாதிரி "வளர்ந்தா சரியாயிடும்" என்று ஓர் அளவு கூட்டி வாங்குகிறோம். தளர்ந்த, கனத்த பெரியவர் ஹெல்மெட் சின்னக் கழுத்தில் ஆடும். கார்ட் ஓட்டும் சிறுவர்களுக்கென்றே ஸ்நெல்லும் உலகக் கார்ப் பந்தய அமைப்பான எஃப்ஐஏவும் சேர்ந்து வகுத்த சிஎம்ஆர் தரம் இருக்கிறது, எடைக்கு உச்சவரம்பும் அதிலேயே உண்டு. விலை கூடுதல்தான். பிள்ளை வாடகைக் கார்ட்டில் விளையாட்டாக ஓட்டும்வரை, சரியான அளவில், எடை குறைந்த இசிஇ சிறுவர் ஃபுல்-ஃபேஸ் வாங்கிக் கொடுங்கள். போட்டி, பயிற்சியாளர் என்று பேச்சு வரும் நாளில் சிஎம்ஆர் வாங்கலாம்.