ஏழு பேருக்கு ஒரு வண்டி: ஜீப்பா, எவரெஸ்டா, ஃபார்ச்சூனரா?

எங்கள் வீட்டில் ஏழு பேர். ஆயாவுக்கு, அதாவது வீட்டுப் பாட்டிக்கு, 81 வயது, முழங்கால் சரியாக மடங்காது. நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், என் தம்பி. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு காரில் போவோம். பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதும் இரண்டு காரில்தான். ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறக்குறைய 570 கிலோமீட்டர். இரண்டு காருக்கும் எரிபொருள், இரண்டுக்கும் சுங்கக் கட்டணம். இனி ஒரே வண்டி என்று இந்த வருடம் முடிவு செய்தோம்.

பெரிய வண்டி என்றாலே அமெரிக்க வண்டி என்ற நினைப்பு எங்கள் வீட்டில் பழையது. அப்பா வைத்திருந்தது ஒரு கிறைஸ்லர் வேலியன்ட். முன்சீட்டே சோபா மாதிரி நீளமாக இருக்கும், மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் சபர்பன், எக்ஸ்பெடிஷன் போன்ற நிஜமான பெருவண்டிகள் நமக்கு இல்லை. அவை இடதுபக்க ஸ்டியரிங்கோடுதான் ஆலையிலிருந்து வருகின்றன. அப்படிப்பட்ட வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் புதிதாகப் பதிவு செய்யவும் முடியாது. ஆக, மிஞ்சியது மூன்று: ஜீப், ஃபோர்டு எவரெஸ்ட், டொயோட்டா ஃபார்ச்சூனர்.

முதலில் ஜீப் கிராண்ட் செரோகி எல். மூன்றில் இது ஒன்றுதான் டெட்ராய்ட்டிலேயே செய்யப்படுவது. நீளம் 5.2 மீட்டர். மூன்றாம் வரிசையில் என் தம்பி, ஆறடி ஆள், முழங்கால் இடிக்காமல் உட்கார்ந்தான். மற்ற இரண்டும் பிக்கப் வண்டியின் ஏணிச் சட்டகத்தின் மேல், அதாவது ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல், கட்டப்பட்டவை. ஜீப் அப்படியல்ல, கார் போலவே ஒரே உடலாகச் செய்யப்பட்டது. அதனால் மேடுபள்ளத்தில் உடம்பு அலுங்குவதில்லை. ஓவர்லேண்ட் வகையில் காற்றுச் சஸ்பென்ஷன் உண்டு, நிறுத்திய பிறகு வண்டியைத் தாழ்த்திக்கொள்ளலாம். ஆயா ஏறி இறங்க இதைவிட வசதி கிடையாது.

ஆனால் இங்கே வந்தது 3.6 லிட்டர் பெட்ரோல் வி6. ஏழு பேரும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் வழியில் வான் ரீனன் மலைக் கணவாய் ஏறும்போது 344 நியூட்டன் மீட்டர் இழுவை போதாது என்றில்லை, அதற்காக எஞ்சின் அதிகம் சுழல வேண்டும், சுழன்றால் குடிக்கும். மாதத்தின் முதல் புதன்கிழமை எரிபொருள் விலை என்ன ஆகுமோ என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. விலையும் 2022-ல் வந்தபோதே பத்து லட்சம் ராண்டைத் தாண்டியிருந்தது.

அப்புறம் எனக்கு இன்னொரு பயம்: கம்பெனி நாட்டை விட்டுப் போய்விட்டால் பாகங்களுக்கு எங்கே போவது? ஜெனரல் மோட்டார்ஸ் 1926-லேயே போர்ட் எலிசபெத்தில் வண்டி கட்டத் தொடங்கிய நிறுவனம். 1980-களில் ஒருமுறை போனது, திரும்பி வந்தது, 2017-ல் மறுபடி கிளம்பியது. ஜீப் வேறு நிறுவனம், தெரியும். இருந்தாலும் அபூர்வமாக விற்கும் பெரிய வண்டியை வாங்கிவிட்டு, ஒரு கதவுக் கைப்பிடிக்காக வாரக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எங்கள் மாமாவுக்கு உண்டு.

ஃபார்ச்சூனருக்கு இந்தக் கவலையே கிடையாது. அது இசிப்பிங்கோவை ஒட்டிய புரோஸ்பெக்டனில் நம் ஊர்க்காரர்கள் கையால் உருவாகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஆலை மூழ்கி வேலை நின்றபோது எங்கள் தெருவில் எத்தனை வீடுகள் கலங்கின என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியை வாங்கினால் பணம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பது எனக்குப் பெரிய காரணம். 2.8 டீசல், 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். பாகம் எங்கும் கிடைக்கும், பழைய வண்டிக்கும் நல்ல விலை. திருடர்களுக்கும் பிடித்த வண்டி என்பதால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் கருவியின் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறை பின்சீட்டில்தான். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2,745 மில்லிமீட்டர், எவரெஸ்டில் 2,900. இந்த 155 மில்லிமீட்டர் முழுவதும் பிள்ளைகளின் முழங்காலில் தெரிகிறது. மடித்தால் மூன்றாம் வரிசை தரைக்குள் போகாது, இரு பக்கச் சுவர்களிலும் தொங்கும். கோயிலுக்குப் பெரிய அண்டாவை ஏற்றும் நாளில் அது இடைஞ்சல். பின்பக்கம் கொஞ்சம் துள்ளவும் செய்யும், ஆயாவுக்கு இடுப்பு வலிக்கும்.

எவரெஸ்ட் ஃபோர்டு பெயரைச் சுமந்தாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. இதன் முந்தைய தலைமுறையைப் பிரிட்டோரியாவின் சில்வர்டனில் செய்தார்கள். அந்த ஆலையில் இன்று ரேஞ்சர் செய்கிறார்கள். எவரெஸ்டும் ரேஞ்சரும் ஒரே அடித்தளம் என்பதால் எஞ்சின் பாகங்களுக்குத் திண்டாட்டம் வராது என்று நம்புகிறேன். மூன்றாம் வரிசை தரையோடு தரையாக மடிகிறது. ஏணிச் சட்டகம்தான், ஆனால் பின் அச்சைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் பிடிக்கும் வாட்ஸ் இணைப்பு இருக்கிறது; தோங்காட்டில் சித்தப்பாவின் கரும்புத் தோட்டத்து மண் சாலையில் அந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தேன்.

3.0 வி6 டீசல் 600 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஓட்டிப் பார்த்தால் இறங்க மனம் வராது. ஆனால் விலை ஜீப் பக்கம் போய்விடுகிறது. 2.0 லிட்டர் இரட்டை டர்போ, 154 கிலோவாட், ஃபார்ச்சூனரின் அதே 500 நியூட்டன் மீட்டர், பத்து கியர். நமக்கு இதுவே தாராளம்.

வீட்டில் வழக்கமாக ஐந்து பேர்தான், எப்போதாவது இரண்டு விருந்தாளிகள் என்றால் ஃபார்ச்சூனரையே வாங்குங்கள், இரண்டாவது யோசனை வேண்டாம். ஏழு பேரும் நிஜமாகவே தினமும் உட்காரப் போகிறார்கள் என்றால் எவரெஸ்ட்.

ஆயாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போனோம். பக்கப் படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, எவரெஸ்டின் நடுவரிசையில் தானே ஏறி உட்கார்ந்தார். "உங்க அப்பன் வண்டி மாதிரி சீட்டு அகலமா இல்ல. ஆனா ஏறிட்டேன்" என்றார். அன்றே முன்பணம் கட்டினோம்.