பேனர் கடையில் ஏஐ: காசு கட்டிப் பயன்படுத்துகிறவனின் கருத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பேனர், அழைப்பிதழ், நினைவஞ்சலி அட்டை அடிக்கும் சின்னக் கடை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகள்) இருப்பவர்கள். படம் வரையவும் கடிதம் எழுதவும் உதவும் ஏஐ சேவை ஒன்றுக்கு மாதம் 20 டாலர் கட்டுகிறேன். நம் காசுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) போல ஆகிறது. 8 விழுக்காடு சேவை வரி தனி. புதுசு மோகம் அடங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணிப் படத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, பூச்சரம் என்று கேட்டால் தே தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) ஆறுவதற்குள் வந்துவிடுகிறது. கோயில் ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு மலாயில் கடிதம் எழுதவும் நல்ல துணை. ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். எனக்குக் கிடைக்கும் படத்தின் நீளம் 1536 புள்ளி (பிக்சல்). பத்தடி பேனரில் பரப்பினால் அங்குலத்துக்கு 13 புள்ளிகூடத் தேறாது. பூவைப் பெரிதாக்கினால் யாரும் கவனிப்பதில்லை, முகம் என்றால் பல்லிளித்துவிடும்.

தமிழ் எழுத்தை மட்டும் அதன் கையில் கொடுக்கவே கூடாது. அது எழுத்தைத் தட்டச்சு செய்வதில்லை, கோடுகளாக வரைகிறது. ‘அருள்மிகு’ என்றால் புள்ளி காணாமல் போகும், ‘திருவிழா’வில் ழகரத்தின் வால் எங்கோ திரும்பியிருக்கும். புதிய பதிப்புகளில் ரோமன் எழுத்து சுத்தமாக வருகிறது, தமிழ் இன்னும் தடுமாறுகிறது. அதனால் மேலே இடம் விட்டு, எழுத்தே இல்லாத படமாகக் கேட்டு வாங்குவேன். அப்புறம் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் நானே தட்டிவிடுவேன். நம்மூர் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசுதான் இன்றும் சோறு போடுகிறது.

ஒரு தமிழ்ப்பள்ளி மண்டப விழாவுக்குப் பால்மர (ரப்பர் மர) காட்சி கேட்டார்கள். ஏஐ தந்த படத்தில் உச்சி வெயில். முதுகில் கூடையோடு ஒரு பெண், தேயிலை பறிப்பவர் போல. மரத்தில் குறுக்கே கோடரி வெட்டு! பால்வெட்டு விடியலுக்கு முன்னே தொடங்கும் வேலை, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சாய வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்து ஓடுவதால் அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். கீழே பால் பிடிக்கும் மங்கு, வெட்டுபவர் நெற்றியில் விளக்கு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளக்கு வந்தது, வெட்டு வரவில்லை. கடைசியில் பால்வெட்டில் காலம் கழித்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுக் கேட்டு, வெட்டை நானே வரைந்து சேர்த்தேன். மண்டபத்துக்கு வரும் தாத்தா பாட்டிகளிடம் கோடரி வெட்டைக் காட்ட முடியுமா?

பழைய படத்தைத் தெளிவாக்கும் வசதியைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். ஒரு பெண், தன் ஆயாவின் (பாட்டியின்) கறுப்பு வெள்ளை ஐசி (அடையாள அட்டை) படத்தோடு கருமகிரியை பேனருக்கு வந்தார். பொத்தானை அழுத்தியதும் பளிச்சென்று ஒரு முகம். மூக்குத்தி இல்லை, கன்னச் சுருக்கம் இல்லை, காது வளையத்தின் இடத்தில் ஏதோ மினுமினுப்பு. “இது யாரு அண்ணே? எங்க ஆயா இல்லையே” என்றார். சின்னப் படத்தில் இல்லாத விவரத்தை அது வேறு முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. இப்போது இறந்தவர் படம் வந்தால் உயர்ந்த அளவில் ஸ்கேன் செய்து, வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, சட்டத்துக்குள் சிறிதாக வைக்கிறேன். மங்கலாக இருந்தாலும் ஆயா ஆயாவாக இருக்கிறார்.

எரிச்சல் வருவது பேரத்தில். “எல்லாம் ஏஐ செஞ்சிடுதே அண்ணே, குறைச்சுப் போடுங்கலா” என்கிறார்கள். சரி, பூ அலங்காரத்துக்குக் குறைத்துக்கொள்கிறேன். எழுத்து, பிழை திருத்தம், முகம் இந்த மூன்றுக்கும் பழைய விலைதான், குறைப்பதாக இல்லை.

வீட்டுப் பிறந்தநாள் அட்டைக்கு இலவசப் பதிப்பே தாராளம். கடை வைத்திருப்பவர்கள் ஆண்டு முழுக்கக் கட்டத் தேவையில்லை. தைப்பூசம், சித்திரைத் திருவிழா, தீபாவளி வரும் மாதங்களுக்கு மட்டும் சந்தாவைத் திறந்து, மற்ற மாதங்களில் நிறுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டு நான் அப்படித்தான் செய்யப் போகிறேன்.