மதுரையில் ஒரு எல்டிஹெச் டெஸ்ட்

ஊரில் லேப்களின் வேகத்தை வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் புகழ்வார்கள், நானும் புகழ்கிறேன். டொராண்டோவில் ஒரு ஸ்கேனுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவளுக்கு, காலையில் ஸ்கேன், சாயங்காலம் டாக்டர், மறுநாள் விடிந்ததும் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுப்பது பெரிய விஷயம்தான்.

அக்கா மகளுக்கு 19 வயது. வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் கட்டி. இந்த வயதில் சினைப்பையில் புற்றுநோய் வந்தால் அது கருமுட்டை செல்களிலிருந்து கிளம்பும் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பதால் டாக்டரம்மா எல்டிஹெச், ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி என்று மூன்று ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். இவற்றில் எல்டிஹெச்தான் என்சைம், உடம்பின் செல்களுக்குள் இருப்பது. அந்த வகைப் புற்றுகளில் டிஸ்ஜெர்மினோமா என்ற கட்டி இருந்தால் பெரும்பாலும் அது ஏறும் (கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும் வகை என்பதையும் அவரே சொல்லி அனுப்பினார்).

ராத்திரியே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். எல்டிஹெச் 612, சிவப்பு எழுத்தில். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். மற்ற இரண்டும் நார்மல் என்பதை யாரும் பார்க்கவில்லை, கடைசியில் பொடி எழுத்தில் 'சாம்பிள் ஹீமோலைஸ்டு' என்று இருந்ததையும்தான். அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. அந்த அணுக்களுக்குள் எல்டிஹெச், சீரத்தில் (டெஸ்ட் செய்யப் பிரித்தெடுக்கும் ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் இருக்கும், கொஞ்சம் உடைந்தாலே கணக்கு எகிறிவிடும். ரத்தம் எடுத்த தம்பி நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்து, அதே பையோடு இன்னும் பல வீடுகளுக்குப் பைக்கில் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவனுக்கு டார்கெட். ஆனால் சாம்பிள் கெட்டிருக்கிறது என்று தெரிந்த லேப், எண்ணை அச்சடித்து அனுப்பாமல் ஒரு போன் பண்ணி மறுபடி ரத்தம் கேட்டிருக்கலாமே? எனக்குக் கோபம் அதில்தான்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் ஆஸ்பத்திரி லேபிலேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். எடுத்த கையோடு மெஷினில் சுற்றி சீரத்தைப் பிரித்தார்கள். 198. அப்படியும் அவர் "இது நார்மல் என்பதால் கேன்சர் இல்லை என்று நான் எழுதித் தர முடியாதும்மா, கட்டியை எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் முடிவு" என்றார். ஊசி போட்டு நடுவில் துளி எடுத்துப் பார்க்கலாமே என்று அக்கா கேட்டதற்கு, புற்றாக இருந்தால் வயிற்றுக்குள் சிந்திப் பரவும், அதனால் சினைப்பைக் கட்டியில் அப்படிச் செய்வதில்லை என்று பொறுமையாக விளக்கினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயாப்ஸியில் டெர்மாய்டு, சாதாரணக் கட்டி. சினைப்பையின் மீதிப் பகுதியை அப்படியே காப்பாற்றிவிட்டார்கள்.

முதல் லேபுக்குப் புகார் அனுப்பியிருந்தேன். வருத்தம் தெரிவித்து, முழு உடல் பரிசோதனைக்கு டிஸ்கவுண்ட் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.