ஆன்டிவைரஸ் கத்தியதும் டெலீட் அழுத்தாதீர்கள்

2010 ஏப்ரல் 21 அன்று ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி விட்ட 5958 என்ற அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று தூக்கியது. விண்டோஸின் சேவைகள் பலவும் ஓடுவது அந்த ஃபைலால்தான். கணினிகள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க்கும் போனது. திருத்திய அப்டேட் வந்தும் அதை இறக்க இணைப்பு இல்லாததால், ஒவ்வொரு கணினியாகப் போய் கையால் சரிசெய்ய வேண்டியதாயிற்று. 2022 செப்டம்பர் 4-இல் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரும் சறுக்கியது. குரோமைத் திறந்தாலே 'ஹைவ்' என்ற பெயரில் எச்சரிக்கை. அடுத்த அப்டேட்டில் அது தானாக நின்றது.

ஆகவே எச்சரிக்கை வந்தால், ஃபைலைத் தனியே பூட்டிவைக்கும் குவாரன்டைனோடு நிறுத்துங்கள். அங்கே போன ஃபைல் இயங்காது, வேண்டுமென்றால் மீட்கலாம். டெலீட் செய்துவிட்டால் பேக்கப் இருந்தால்தான் உண்டு.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து வைரஸின் பெயரையும் ஃபைல் இருந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரின் முடிவில் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற எழுத்துகளும் இருந்தால், அது மெஷின் லேர்னிங்கின் ஊகம். 'ஜெனரிக்', 'ஹியூர்' என்று வருவதும் பெரும்பாலும் ஊகம்தான். பைதானில் எழுதி இஎக்ஸ்இ ஆக்கியவை, புரோகிராமைச் சுருக்கும் யுபிஎக்ஸ் கருவியால் சுருக்கியவை, சேமித்த பாஸ்வேர்டை எடுத்துக் காட்டும் கருவிகள் ஆகியவை அடிக்கடி மாட்டும். சிறிய நிறுவனத்தின் பில்லிங் சாஃப்ட்வேரும் மாட்டலாம். தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பமும் இல்லாமல், பயன்படுத்துவோரும் குறைவாக இருந்தால் ஆன்டிவைரஸுக்கு அது அந்நியன்தான்.

ஒரே ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் பார்க்கலாம், ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: அங்கே ஏற்றும் ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்களும் எடுத்துப் பார்க்க முடியும். சம்பளப் பட்டியல், வங்கி ஆவணம் எதையும் ஏற்றாதீர்கள். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் இருந்தால் ரைட் கிளிக் மெனுவிலேயே, ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை எடுத்து, அதை மட்டும் தேடினால் போதும். எழுபது எஞ்சின்களில் பெயர் தெரியாத இரண்டு மூன்று மட்டும் கத்தினால் பொய் எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய நிறுவனங்கள் பலவும் ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால் அது வைரஸ்தான், பேச்சே இல்லை. ஃபைல் புதிது என்றால் 'சுத்தம்' என்ற முடிவையும் உடனே நம்பாதீர்கள்; மறுநாள் திரும்பச் சோதியுங்கள்.

பொய் எச்சரிக்கைதான் என்று உறுதியானால் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் தளத்தில் 'தவறாகப் பிடிக்கப்பட்டது' என்று ஃபைலை அனுப்புங்கள். அதுவரை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கே விலக்கு கொடுப்பது வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவதுபோல.

இதையே சாக்காக வைத்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பணம் கட்டாமல் ஓட்டும் கிராக் சாஃப்ட்வேர் தருகிறவர்கள் 'இது ஃபால்ஸ் பாசிட்டிவ் (பொய் எச்சரிக்கை), ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்பார்கள். ஜிப்புக்குப் பாஸ்வேர்டும் போட்டிருப்பார்கள். பாஸ்வேர்டு இருந்தால் ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது, அதற்குத்தான் அது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இப்படியும் களவுபோகின்றன. சர்வீஸ் கடையில் 'வைரஸ் முத்திடுச்சு, ஃபார்மட்தான்' என்றால் பணம் கொடுக்கும் முன் ஹிஸ்டரியில் பெயரையும் இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் கணினியை விடாதீர்கள்.

எச்சரிக்கையில் போன் நம்பர் இருந்தால் அது ஆன்டிவைரஸே இல்லை, மோசடி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் நம்பர் வராது. திரையை முழுதும் அடைத்துக்கொண்டால் எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள், அல்லது டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மூலையில் திரும்பத் திரும்ப எட்டிப்பார்த்தால் குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களின் அனுமதியை நீக்குங்கள். அந்த நம்பரை அழைத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கவிடும் எனிடெஸ்க் போட்டு, பணமும் போய்விட்டதென்றால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு வேறு போனிலிருந்து வங்கிக்கும், இந்தியாவில் இருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள்.