ஈரத்துணியா, கோகோபீட்டா, நேரே தொட்டியா?

வீட்டில் கீரை, மூலிகை விதைகளை முளைக்க வைக்க இந்த மூன்று வழிகளைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள் (கோகோபீட் என்பது தேங்காய் நார்த்தூள், அதைத் தட்டில் நிரப்பி விதைப்பார்கள்). இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, எந்த விதை என்று முதலில் சொல்லுங்கள்.

கொத்தமல்லிக்கு நேரே தொட்டிதான், சந்தேகமே வேண்டாம். நாம் ஒரு விதை என்று நினைக்கிற அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சப்பாத்திக் கட்டையை அதன்மேல் லேசாக உருட்டினால் இரண்டாகப் பிளக்கும் (தூளாக்கி விடாதீர்கள், அப்புறம் ரசத்துக்குத்தான் ஆகும்). ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் நீரை வடித்து அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் எட்டு, பத்து நாளில் தலைகாட்டும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஐந்தாம் நாளே வரவில்லையே என்று மண்ணைக் கிளறுவதில்தான் பாதி விதை வீணாகிறது. இதற்கு ஆணிவேர், இடம் மாற்றினால் சுணங்கிப்போகும், அதனால் குழித்தட்டு (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் முளைப்பு மோசமாக இருக்கும். முளைத்தாலும் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்போ ஈரத்துணி? முளைவிட்டது கண்ணுக்குத் தெரியும் என்பது மட்டும்தான் அதன் லாபம். வேர் துணியின் இழைகளுக்குள் புகுந்துவிடும், பிரித்து எடுக்கும்போது நுனி ஒடியும். ஆனால் விதையைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை: மளிகைக்கடை மல்லியில் பத்தை எடுத்துத் துணியில் மடித்து வையுங்கள், பாதிக்குக் கீழே முளைத்தால் அந்தப் பாக்கெட்டைச் சமையலுக்கே விட்டுவிடலாம்.

திருநீற்றுப்பச்சிலைக்குக் கதையே வேறு. அதன் விதைதான் சப்ஜா, தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் கறுப்பு விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழவழப்பு பூத்துவிடும். ஊறவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கையில் பிரியாது, தொட்டி மண்ணில் ஆழமாகப் புதைந்தால் மேலே வரத் தெம்பு இருக்காது. இங்கேதான் கோகோபீட் தட்டு ஜெயிக்கிறது. கோகோபீட்டை நனைத்துப் பிழிந்து நிரப்பி, உலர்ந்த விதையை மேலாகத் தூவி, மூடாமல் லேசாக அழுத்திவிட்டு, பூவாளி வேண்டாம், ஸ்பிரேயரால் நனையுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். துளசிக்கும் இதே முறைதான், கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு.

தட்டின் பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். கோகோபீட்டில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது, கட்டியாக வாங்கியதில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். இரண்டு ஜோடி இலை வந்ததும் மண்புழு உரம் கலந்த தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் நாற்றழுகல் வரும்: மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக மெலிந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று படுத்துக்கிடக்கும். வந்தபின் காப்பாற்ற முடியாது. முன்கூட்டியே டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை தரும் பூஞ்சை) கொஞ்சம் கலந்துகொள்வதும், மேல்பகுதி காய்ந்தபின் நீர் தெளிப்பதும்தான் வழி.

வெந்தயத்துக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை, எப்படிப் போட்டாலும் மூன்று நாளில் வந்துவிடும். புதினாவுக்கு விதை வாங்கவே வாங்காதீர்கள், சந்தையில் வாங்கும் கட்டில் தடித்த தண்டாக நான்கைத் தண்ணீரில் போட்டால் போதும்.